ஒப்பனைக் கொட்டகையில் டீச்சர்கள்!

தெருக்கூத்து தொடங்கும் முன் ஒப்பனைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பாதி முகத்துக்கு அரிதாரம் பூசிய துரியோதனன் டீ குடித்துக்கொண்டிருப்பார். திரௌபதி வேடக்காரர் சேலைக்கு ஊக்கு தேடுவார். வெளியே ஊர் ஜனம் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். உள்ளே கை நடுங்கும், வாய் சிரிக்கும். வருடா வருடம் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் எங்கள் பள்ளிக்கூடம் அப்படித்தான் இருக்கும். பெற்றோர் பார்த்ததில்லை, பிள்ளைகள் பார்த்ததே இல்லை. வாங்க, இன்றைக்கு உங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போகிறேன்! செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். வராண்டாவை இப்போதுதான் கழுவினோம், வழுக்கும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியர்கள்: தலைமையாசிரியை, சார் ஒருவர், நான். ஒன்றும் இரண்டும் என் வகுப்புகள். வாசலில் ஒரு புங்க மரம். கோடை முழுக்க ஊர் ஆடுகளுக்கு எங்கள் வராண்டாதான் சத்திரம். திறப்பு நாளுக்கு ஐந்து நாள் முன்பே பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்பது எங்கள் தலைமையாசிரியை வைத்த வழக்கம். எந்தச் சுற்றறிக்கையிலும் அது கிடையாது. ஆனால் எங்கள் மூன்று பேரின் மனசையும் காப்பாற்றுவது அந்த ஐந்து நாள்தான்.

பூட்டுக்குள் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, சாவியைத் திருப்பி, கதவைத் தள்ளியதும் ஒரு வாசனை வரும் பாருங்கள்! சாக்பீஸ் தூசி, பழைய நோட்டு, ஒரு மாத வெயில் எல்லாம் சேர்ந்து அடைபட்டுக் கிடந்த வாசனை. ஜன்னல் மூலையில் குளவி மண் குழைத்துக் கூடு கட்டியிருக்கும். கரும்பலகையில் ஏப்ரல் மாதக் கடைசி நாளின் தேதி அப்படியே இருக்கும். பக்கத்தில் ‘பதிவு 24, வருகை 23’ என்று ஒரு பிள்ளையின் கோணல் எழுத்து. அன்றைக்கு வராத அந்த ஒருத்தி யார் என்று எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது. அம்மை போட்டிருந்தது அவளுக்கு.

முதல் வேலை பலகைக்குக் கறுப்படிப்பது. எங்கள் வகுப்பில் சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை உண்டு. தலைக்கு மேல் கம்பிப் பந்தல் உண்டு. இரண்டும் 2007இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்த காலத்து வரவு. திட்டங்கள் மாறிக்கொண்டே வந்தன, பலகையும் கம்பியும் எங்களோடு தங்கிவிட்டன. நான் படித்த காலத்தில் ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்து நாங்களே பலகைக்குப் பூசுவோம். முழங்கை வரை கறுப்பாகும், அம்மாவிடம் அடி விழும். இப்போது டப்பா பெயிண்ட் வந்துவிட்டது. ஆனாலும் புதுக் கறுப்பு பளபளவென்று ஈரத்தோடு நிற்கும்போது, அதற்குள் ஒரு வருடமே ஒளிந்திருப்பது போலத் தோன்றும். அதைப் பார்த்ததும் என் வயிற்றுக்குள் பிசையும் ஏதோ ஒன்று கொஞ்சம் அடங்கும்.

ஆமாம், வயிற்றுக்குள் பிசையும். ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன்: இந்த வாரம் எங்களில் யாருக்கும் ஒழுங்கான தூக்கம் கிடையாது. ஓய்வுபெற இரண்டே வருடம் இருக்கும் தலைமையாசிரியைக்கும் கனவு வருகிறது. மணி அடிக்கிறதாம், அவருடைய வகுப்பறையை மட்டும் காணவில்லையாம். சாருக்கு வரும் கனவில் இறைவணக்கக் கூட்டம் தொடங்கிவிட்டது, அவர் லுங்கியோடு நிற்கிறார். என் கனவில் எழுத எழுதப் பலகையில் எழுத்தே விழாது. காலையில் டீயோடு மூன்று கனவையும் பரிமாறிக்கொள்வோம். “உங்களுக்குமா டீச்சர்?” என்று கேட்கும்போது வரும் சிரிப்பு இருக்கிறதே, அந்த வாரத்தின் முதல் மருந்து அதுதான்.

இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் என்ன பயம் என்று கேட்பீர்கள். கணக்கைக் கேளுங்கள். போன வருடம் எங்கள் பள்ளியில் 64 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு முடித்து 14 பேர் போய்விட்டார்கள். மீதம் 50. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்; 61 ஆனால்தான் மூன்று. ஆகஸ்டு 1ஆம் தேதி நிலவரத்தை வைத்துப் பணியிடம் நிர்ணயிப்பார்கள். எங்களுக்குப் புதிதாக 11 பிள்ளைகள் வேண்டும், கையில் இருப்பது 10! ஒரு பிள்ளை குறைந்தால் எங்களில் ஒருவர் பணி நிரவலில் வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். மே மாத வெயிலில் பதாகையோடு தெருத் தெருவாக நடந்து, வாசல் வாசலாக நின்று, “எங்க பள்ளிக்கூடத்துல சேருங்கம்மா” என்று கேட்டு வந்திருக்கிறோம். அந்தப் பதினொன்றாவது பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? ஐந்து நாளும் எங்கள் கண் கேட்டின் மேலேயே இருந்தது.

திறக்கும் தேதியும் சில வருடம் பிடிகொடுக்காது. 2023இல் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 1, எங்களுக்கு 5 என்றார்கள். வெயில் தணியவில்லை என்று 7க்குத் தள்ளினார்கள். கடைசியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 12ஆம் தேதி, எங்கள் தொடக்க வகுப்புகளுக்கு 14 என்றானது. 2024இல் 6 என்றிருந்தது 10 ஆனது. பிள்ளைகளைச் சுட்டெரிக்கும் வெயிலில் உட்காரவைக்காமல் இருப்பது சரிதான். ஆனால் முகூர்த்தம் தள்ளிப்போன கல்யாண வீடு எப்படி இருக்கும்? பந்தல் போட்டாயிற்று, மனசு எந்த நாளில் நிற்பது என்று தெரியாமல் அலையும்.

சரி, இப்போது நடு அறைக்கு வாங்க. புத்தகம் வந்திருக்கிறது! வட்டார அலுவலகத்திலிருந்து லோடு ஆட்டோவில் முதல் பருவப் புத்தகக் கட்டுகளை சார் ஏற்றிக்கொண்டு வந்தார். கட்டைப் பிரித்தவுடன் நாங்கள் மூன்று பேரும் செய்யும் ஒரு காரியத்தை யாரிடமும் சொல்லாதீர்கள்: ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொள்வோம். புது மையும் புதுத் தாளும் கலந்த அந்த வாசனைக்கு வயது ஆறுதான். எந்த டீச்சரையும் அது ஆறு வயதாக்கிவிடும்.

வட்டார வள மையத்துப் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, மறு வருடம் ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலைக்கு அதில் பெயர் அரும்பு, மொட்டு, மலர். ‘மக்கு’ என்று ஒரு பிள்ளையைச் சொன்ன காலத்தைத் தாண்டி ‘அரும்பு’ என்று சொல்லும் காலத்துக்கு வந்திருக்கிறோமே, அதற்காகவே எனக்கு அந்தப் பெயர்கள் மேல் தனிப் பிரியம். பயிற்சி அறைக்குள் எட்டிப் பாருங்கள்: கருத்தாளர் பாட்டு சொல்லித்தர, ஐம்பது வயது டீச்சர்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தவளை மாதிரி தத்துகிறார்கள்! பழைய காலுறையில் பொம்மை செய்து ஒருவருக்கொருவர் பேசவைக்கிறார்கள். மாறுதல் கலந்தாய்வில் எந்த ஊர் வருமோ என்று காலையில் கண் கலங்கிய டீச்சர், மதியம் குரங்குக் குரலில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தனியாக வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் மலையாகத் தெரிவது, நாற்பது பேர் கூடி உட்கார்ந்து புலம்பிச் சிரித்தால் மண்மேடாகிவிடுகிறது.

இனி என் கைவைத்தியம். அதைச் சொல்ல 2021 நவம்பர் 1ஆம் தேதிக்குப் போக வேண்டும். கொரோனாவால் 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு அன்றுதான் திறந்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்காராதவர்கள். என்னையும் தெரியாது, பெஞ்சையும் தெரியாது. முகக்கவசத்துக்கு மேல் இரண்டு கண் மட்டும் தெரிகிறது. யார் யாரென்று எனக்கும் தெரியாது. திறப்புக்கு முந்தைய வாரத்தில் தொடர்ந்து நான்கு இரவு நான் தூங்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. கடைசியில் விடியற்காலையில் எழுந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் ஒதுக்கிப் பெயரை எழுதினேன். அன்று பகல் வீடு வீடாகப் போய், “இவனை எப்படிக் கூப்பிடுவீங்க, எதுக்கு அழுவான், எதுக்குச் சிரிப்பான்?” என்று மூன்று கேள்வி கேட்டேன். ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன். முகம் தெரியாத கூட்டம்தான் பயமுறுத்துகிறது. தண்டட்டிப் பாட்டியின் பேரன், ஆட்டுக்குட்டியைக் கண்டால் சிரிக்கிறவன் என்று தெரிந்துவிட்ட ஒரு பிள்ளையைப் பார்த்து எப்படிப் பயப்படுவது?

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நோட்டு உண்டு. எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றாம் வகுப்பில் பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டில் அவர்கள் கண்ணம்மா, குட்டிப்பையன், தங்கம்! அந்தப் பெயர்கள் எல்லாம் தெரிந்த ஒரே அறிஞர் பக்கத்து அங்கன்வாடியின் ஆயாம்மா. புதன்கிழமை மதியம் அவரைப் பிடித்து உட்காரவைத்தேன்.

“எழுதிக்கங்க டீச்சர். மேலத்தெருப் பையன் ஒருத்தன், மூக்கைத் தொடைக்கப் போனா கடிச்சுப்புடுவான். சும்மா துணியக் கையில குடுங்க, அவனே தொடைச்சுக்குவான். அந்த ரெட்டைச் சடைப் பாப்பா இருக்குல்ல, அதுக்குத் தூக்கம் வந்தா காதைப் பிடிச்சுக்கும். அப்படியே விட்டுருங்க.”

பத்துப் பிள்ளைகளுக்கும் எழுதி முடித்தேன். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இத்தனை பயனுள்ள பாடக்குறிப்பை நான் படித்ததில்லை.

வியாழக்கிழமை முழுக்க முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் திட்டமிட்டேன். வருடம் முழுவதையும் மே மாதத்திலேயே தலையில் தூக்கி வைத்துக்கொள்வதுதான் புது ஆசிரியர்கள் செய்யும் தவறு என்பது என் அழுத்தமான எண்ணம். திங்கட்கிழமை காலையில் முதல் ஒரு மணி நேரம் கைக்குள் இருந்தால் அடுத்த மணி தானாக வழிக்கு வரும். அந்த ஒரு மணிக்குள் என்ன? வாசலில் கோலம், மாவிலைத் தோரணம், தட்டில் கற்கண்டு. பிறகு காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் மறு ஆண்டு ஆகஸ்டில் எங்களைப் போன்ற அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. அது வந்த பிறகு முதல் நாள் அழுகை பாதியாகக் குறைந்திருப்பதை என் கண்ணால் பார்க்கிறேன். பசித்த வயிற்றோடு அம்மாவைப் பிரிவதும், சூடான பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு பிரிவதும் ஒன்றா? அதற்கப்புறம் ஒரு கதை, காலுறைக் குரங்கு சொல்லும். அன்றைக்குப் புத்தகம் திறக்க மாட்டோம். வாசனை பார்க்க மட்டும் அனுமதி.

தொண்டைக்கும் ஒரு வார்த்தை. ஒரு மாதம் சும்மா இருந்த குரலை முதல் நாளே உச்சத்துக்கு ஏற்றினால் மூன்றாம் நாள் தொண்டை கட்டிக்கொள்ளும். நாங்கள் இந்த ஐந்து நாளும் காலையில் பத்து நிமிடம் பாட்டையோ கதையையோ வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறோம். ‘எல்லாரும் உட்காருங்க’ என்று கத்துவதற்குப் பதில் கைதட்டல் ஒன்றை வழக்கமாக்கிவிட்டோம். நான் இரண்டு தட்டினால் அவர்கள் மூன்று தட்ட வேண்டும். அமைதியாகிவிடும்!

இரவுக்கு வேறு வைத்தியம். படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளைத் தாளில் எழுதிவிடுவேன். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள், சேர்க்கைப் பதிவேட்டுக்கு அட்டை, சீருடை அளவு, கழிப்பறைத் தாழ்ப்பாள். இது வெறும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்துச் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதிவிட்டுப் படுத்தவர்கள் சீக்கிரம் தூங்கியிருக்கிறார்கள். தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததைத் தாள் பிடித்துக்கொள்கிறது. அதுவும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதியவர்களுக்குத்தான் கூடுதல் பலன். என் நோட்டும் அதையேதானே சொன்னது!

ஆனால் ஒரு விஷயத்தை எழுதினாலும் தீராது. இரவு பத்தரை மணிக்கு வாட்ஸப் குழுவில் ‘நாளை காலை 9 மணிக்குள்’ என்று ஒரு படிவம் வந்து விழும். அதை நிரப்பி முடித்தால் இன்னொன்று வரும். இதைச் சொல்லத் தயங்க மாட்டேன்: ஆசிரியர்களின் ஜூன் மாதத் தூக்கத்தைக் கெடுப்பதில் பிள்ளைகளுக்குப் பங்கே கிடையாது, பெரும்பங்கு இந்தப் படிவங்களுக்குத்தான். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று சொல்லும்போது, பாடத்துக்குத் தயாராகும் நேரத்தையும் அதற்குள்தான் சேர்த்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாராப் பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதன் 27ஆம் பிரிவு சொல்கிறது. தயாரிப்பு எங்கள் வேலை. அதற்கு நேரம் தர வேண்டியது மேலே இருப்பவர்களின் வேலை. எங்கள் தலைமையாசிரியை தம் எல்லைக்குள் ஒரு விதி வைத்திருக்கிறார்: மாலை ஏழுக்கு மேல் எங்கள் பள்ளிக் குழுவில் எந்தச் செய்தியும் வரக் கூடாது. வந்த படிவத்தைக் காலையில் மூவரும் சேர்ந்து அரை மணியில் முடிக்கிறோம்.

புதுப் பள்ளிக்குப் போகும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. திறப்பதற்கு முன் வரும் படபடப்பு உங்களுக்கு வேலை தெரியாததால் வருவதில்லை. பிள்ளைகள் மேல் அக்கறை இருப்பதால் வருகிறது, மணி அடித்ததும் பெரும்பாலும் போய்விடுகிறது. போகாமல் தங்குவது வேறு. வேலை அழுத்தம் தீராமல் நாட்பட்டு, உடம்பில் சத்தே இல்லாதது போலாகி, பிள்ளைகளைக் கண்டாலே விலகத் தோன்றி, எதைச் செய்தாலும் பயனில்லை என்று மனம் சொல்ல ஆரம்பித்தால், அந்நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் வேலை சார்ந்த நிலையாகவே சேர்த்திருக்கிறது. அதற்குக் கைவைத்தியம் போதாது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். பேசுங்கள். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க யாராவது வெட்கப்படுவார்களா?

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. பெயிண்ட் காய்ந்துவிட்டது. கம்பிப் பந்தலில் வண்ணத்தாள் கிளிகளைக் கட்டிக்கொண்டு நான் நாற்காலி மேல் நிற்கிறேன். கேட் கிரீச்சிட்டது. சார் கையில் இருந்த பசைக் கிண்ணத்தோடு அப்படியே திரும்பினார். ஒரு பாட்டி. இடுப்புச் சேலைக்குப் பின்னால் ஒரு குட்டி முகம்.

“பேரன்ம்மா. திருப்பூர்ல கம்பெனி வேலைக்குப் போயிருக்காங்க இவன் அப்பா அம்மா. பொறந்த சர்ட்டிபிகேட்டு கையில இல்ல. சேத்துக்குவீகளா?”

தலைமையாசிரியை எழுந்தே விட்டார். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதும் அதே கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. “உள்ள வாங்கம்மா, உட்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” என்று அவர் கேட்டபோது குரல் இழைந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறியது. அறுபத்தொன்று! சார் வெளியே ஓடிப் போய்ப் புங்க மரத்தடியில் நின்று யாருக்கோ போன் செய்து சிரித்தார்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “இவனைப் பத்தி எனக்கு ஏதாச்சும் சொல்லுங்கம்மா.”

பாட்டி கொஞ்சம் யோசித்தார். “சத்தமா யாராச்சும் பேசுனா சண்டைன்னு நெனச்சுப் பயந்துக்குவான். மெதுவாப் பேசுனா போதும், நாள் பூரா கூடவே சுத்துவான்.”

இந்த ஒரு வரி தெரியாமல் திங்கட்கிழமை நான் அவனைப் பார்த்து உரக்கப் பேசியிருந்தால்?

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விட வரும்போது அவசரமாகத் திரும்பிவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று, எப்படிக் கூப்பிடுவீர்கள், எதற்கு அழும், எதற்குச் சிரிக்கும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். என் நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைப் பக்கம் காலியாக இருக்கிறது.